கேட்காமல் நிரப்பிய பத்தொன்பது படிவங்கள்

தைதுங்,
நவம்பர் ஒன்பது, ஞாயிறு மத்தியானம்

என் கண்ணு பெய்சென்னுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், காலைச் சாப்பாட்டுக் கடையும் ஓடுது, அப்பாவோட முட்டி வலி மட்டும் மழை வந்தா எட்டிப் பாக்குது. அந்த ஸ்காட்லாந்துக் குளிர்ல நீ காதை மூடிக்கிட்டுப் போறியா, மூணு வேளையும் வாயில ஏதாவது போடறியான்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். தினம் போன்ல முகத்தைப் பாத்துக்கறோமே, இப்ப எதுக்குக் காகிதம்னு நினைப்பே. போன வாரம் நான் ஒரு மெசேஜ் அனுப்பி உடனே அழிச்சேன், நீ கூட என்னம்மா அழிச்சேன்னு கேட்டே, அப்பாவுக்கு அனுப்ப வேண்டியது உனக்கு வந்துருச்சுன்னு சொன்னேன். அது பொய். உனக்கு எழுதினதுதான். நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழிச்சேன், அதுல ஒண்ணு மட்டும் கை தவறிப் போயிருச்சு. அதுல இருந்ததைத்தான் இப்ப நிதானமா எழுத உக்காந்திருக்கேன். கடையைக் கழுவி விட்டாச்சு, அப்பா உள்ள படுத்திருக்காரு, கல்லு இன்னும் லேசாச் சுடுது.

முதல்ல ஊர்க் கதையைச் சொல்லிடறேன். போன மாசப் புயல்ல கடைப் பலகை ஒரு பக்கம் தொங்கிப்போச்சு, அப்பா கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காரு, அடுத்த புயல்ல முழுசா விழுந்தா மொத்தமா மாத்திக்கலாங்கறாரு, இருபது வருஷமா இந்த வீட்டுல எல்லாத்தையும் இப்படித்தான் அடுத்த புயலுக்குத் தள்ளி வைக்கிறாரு. பக்கத்துத் தோட்டத்துல சீத்தாப்பழம் பாதி உதிர்ந்தும் மிச்சம் இருக்கறது நல்லாத் திரண்டிருக்கு. உன் பெரியப்பா வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து இன்னமும் அதே கேள்வியைத்தான் கேக்கறாரு, பெய்சென் மனசைப் படிக்கிற படிப்புதானே படிக்கிறா, இப்ப நான் என்ன நினைக்கிறேன்னு அவளால சொல்ல முடியுமான்னு. அப்பா போன வாரம் சலிச்சுப்போய், இன்னொரு கப் சோயாபால் சும்மா கிடைக்குமான்னு நினைக்கிறீங்க, இதைக் கண்டுபிடிக்க அவ எதுக்கு ஸ்காட்லாந்து போகணும்னு கேட்டுட்டாரு. பெரியப்பா கோவிச்சுக்காம குடிச்சுட்டுத்தான் போனாரு.

பக்கத்து வீட்டுக் கேயுன் இப்ப காவ்ஷியுங் காலேஜ்ல சைக்காலஜி மூணாவது வருஷம். நீ சொன்னபடி உன் நோட்டுப் பெட்டியை அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். லீவுக்கு வந்தப்ப கடை மூடுற நேரத்துக்கு வந்து உக்காந்தா, அத்தை, பெய்சென் அக்கா எப்படிப் படிச்சாங்க, எதுல எல்லாம் கஷ்டப்பட்டாங்க, எனக்குச் சொல்லுங்கன்னா. எனக்குத் தலைகால் புரியலை. பெரிய பேராசிரியை மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நீ எங்கிட்ட போன்ல அழுதது, கத்தினது, சொன்னது எல்லாத்தையும் பாடமாவே நடத்திட்டேன். புள்ளியியலைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளாதே, எங்க பொண்ணு தள்ளிட்டு மூணு மாசம் தூங்கலை, மனசைப் பத்தின படிப்புக்குக் கணக்கு எதுக்குன்னு நானே கேட்டிருக்கேன், கணக்கு இல்லேன்னா அது வெறும் ஊர் வம்புன்னு அவ சொன்னான்னேன். ரெண்டாவது வருஷமே ஏதாவது ஒரு ஆய்வுக்கூடத்துல போய் ஒட்டிக்கோ, காப்பி வாங்கித் தர்ற வேலையா இருந்தாலும் பரவாயில்லைன்னேன். பேராசிரியரைப் பேரைப் பாத்துப் பிடிக்காதே, அவர்கிட்ட ஏற்கெனவே ஆய்வு செஞ்சு முடிச்சவங்க இப்பவும் அவருக்குப் புது வருஷ வாழ்த்து அனுப்பறாங்களான்னு விசாரின்னேன். அது நீ சொன்னதுதான், சொல்லும்போது எனக்கே பெருமையா இருந்துச்சு. ஆய்வுக்குக் கேள்வியைச் சின்னதா வச்சுக்கோ, உலகத்தோட துக்கத்தை எல்லாம் ஒரு வருஷத்துல அளக்க முடியாது. மேல்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டு வை, கடைசி வாரத்துல போய்க் கையைப் பிசைஞ்சா யாரும் மனசார எழுத மாட்டாங்க. கேயுன் எல்லாத்தையும் எழுதிக்கிட்டா. அத்தை, நீங்களே ஒரு டிகிரி வாங்கிருக்கலாம்னா. நான் அதையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் அவ உன் நீல நோட்டைத் திறந்தா. முதல் பக்கத்துல நீ சிவப்புப் பேனாவுல ரெண்டு கோடு போட்டு எழுதி வச்சிருந்தே. கேயுன் தன் போக்குல சத்தமாப் படிச்சா. பதில் வராத இடத்தை வெறுமையாவே விடணும், நாமளே நிரப்பக் கூடாது, அப்படின்னு எழுதியிருந்துச்சு. அந்த நோட்டு ரெண்டு வருஷமா என் அலமாரியில இருந்துச்சு பெய்சென், நான் ஒரு நாள் கூடத் திறந்து பாக்கலை. என்ன அத்தை, அடுத்ததைச் சொல்லுங்கன்னா அவ. அடுப்புல ஏதோ இருக்குன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அடுப்பு அணைச்சு ஒரு மணி நேரம் ஆயிருந்துச்சு.

இப்ப சொல்லிடறேன். நீ கடைசி வருஷ ஆய்வுக்கு, தினம் ஒரே கடையில காலைச் சாப்பாடு சாப்பிடற வயசானவங்களும், வீட்டுலேயே தனியா சாப்பிடறவங்களும் தனிமையை எப்படி உணர்றாங்கன்னு பாக்கணும்னு சொல்லி, நம்ம கடைக்கு வர்றவங்களுக்குன்னு நம்பர் போட்டு அறுபது படிவம் அனுப்பினே இல்லையா. வீட்டுல சாப்பிடற அறுபது பேரையும் நீயே வெயில்ல ஸ்கூட்டர்ல தேடிப் போய், நாய் துரத்தி, ஒவ்வொருத்தர் வாசல்லயும் நின்னு வாங்கினே. என் கிட்ட கேட்டது நம்ம கடை அறுபது மட்டும்தான். அந்த அறுபதுல நாப்பத்தொண்ணைத்தான் அவங்கவங்க எழுதிக் கொடுத்தாங்க. மிச்சம் பத்தொன்பதையும் நான் எழுதினேன். நான், உன் அம்மா, இதோ இதே மேஜையில உக்காந்து எழுதினேன்.

எப்படி ஆச்சுன்னு கேப்பே. அந்த வாரம் பூரா மழை, பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவங்கள்ல சிலர் கண்ணாடி கொண்டு வரலைன்னாங்க, மீன்கார அச்சியூ அக்கா, நீயே போட்டுடு ஷியூலுவான், என்னைப் பத்தி உனக்குத் தெரியாததான்னு கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டா. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. நம்ம கடையில எப்படின்னு உனக்குத் தெரியும், புதுசா வர்றவங்கதான் ஆர்டர் சீட்டுல டிக் போடுவாங்க, தினம் வர்றவங்க சைக்கிளை நிறுத்தும்போதே நான் அவங்க சீட்டுல டிக் போட்டுக் கல்லுல முட்டையை உடைச்சிருவேன். இவருக்கு மிளகு வேண்டாம், அவளுக்குச் சோயாபால்ல சர்க்கரை பாதி, எல்லாம் என் தலையில இருக்கு. அதுதான் என் தொழிலே, அதுல எனக்குக் கர்வமும் உண்டு. யாரு என்ன திம்பாங்கன்னு தெரிஞ்சவளுக்கு யாரு எப்படி இருக்காங்கன்னு தெரியாமலா போகும்னு நினைச்சேன். வியாழக்கிழமை நீ போன் பண்ணி, அம்மா எத்தனை வந்துச்சுன்னு கேட்டே. உன் குரல்ல அவ்வளவு பயம் இருந்துச்சு. எல்லாம் வந்துருச்சுன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் வர வைக்க வேண்டியதாப் போச்சு.

அது தப்புன்னு அப்பத் தெரியலைன்னு சொன்னா அதுவும் பொய்தான். தப்புன்னு தெரியாதவ எதுக்குப் பேனாவை மாத்தி மாத்தி எழுதுவா. நான் மூணு பேனா மாத்தினேன், நாலஞ்சு தாளை இடது கையால எழுதினேன். ஒவ்வொருத்தர் முகத்தையும் நினைச்சுக்கிட்டு நல்லதாவே போட்டேன். உன் மார்க் குறைஞ்சிரக் கூடாதேன்னு ஒரு பக்கம், நம்ம கடைக்கு வர்றவங்க எப்படிச் சந்தோஷமா இல்லாம இருப்பாங்கன்னு ஒரு பக்கம். உனக்கு அந்த ஆய்வு ரெண்டாவது பரிசு வாங்கித் தந்துச்சு. அன்னிக்கு நீ போன்ல சொன்னதை நான் எழுதி வச்சிருக்கேன். அம்மா, நீ வெறும் ரொட்டி சுடலை, உன் கல்லு முன்னாடி வந்து உக்கார்றதாலதான் இவங்கள்ல பாதிப் பேரு ஒரு நாளைக் கடத்தறாங்க, இதை நான் சொல்லலை, கணக்கு சொல்லுதுன்னு சொன்னே. பள்ளிக்கூடம் போற வயசுல எண்ணெய் வாசனை அடிக்குதுன்னு யூனிபார்மை மாடியில தனியாக் காயப் போட்ட பொண்ணு நீ. கடை எந்தத் தெருவுலன்னு தோழிகளுக்குச் சொல்லாதவ. அந்த வாயால அப்படி ஒரு வார்த்தை கேட்டதும் எனக்குப் போதும்னு ஆயிருச்சு. நானே எழுதின பதிலுக்கு நானே பாராட்டு வாங்கிக்கறேன்னு அன்னிக்கு உறைக்கலை. உன் சான்றிதழைச் சட்டம் போட்டு ஆர்டர் சீட்டுக் கட்டுக்கு மேல மாட்டினேன், வர்றவங்க எல்லாரையும் அண்ணாந்து பாக்க வச்சேன்.

அதுக்கப்புறம் அது என் தலையை விட்டே போயிருச்சுன்னுதான் சொல்லணும். உன் நோட்டைக் கேயுன் படிச்ச மறுநாள் அது திரும்ப வந்துச்சு, முழுசா வந்துச்சு. அவளுக்கு வகுப்புல ஒரு பயிற்சி, அஞ்சு முதியவங்க கிட்ட நேர்ல பேசி ஒரு படிவம் வாங்கணுமாம், நம்ம கடையிலேயே வாங்கிக்கட்டுமான்னா. உன் பழைய படிவத்தையே மாதிரியா வச்சுக்கிட்டா. முதல்ல வெய் ஐயா கிட்ட உக்காந்தா. அவரை உனக்கு ஞாபகம் இருக்கும், ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்து ஓய்வு பெற்றவர், சரியா ஏழு பத்துக்கு வந்து தூண் ஓரம் உக்காருவாரு, ஒன்பது வருஷமா ஒரு நாள் தவறாம வெங்காயத்தாள் போடாத முட்டை ரொட்டியும் சூடா அரிசிப்பாலும்தான். படிவத்துக்கு முன்னாடி சும்மா பேச்சுக் கொடுக்கணும்னு அவங்களுக்குச் சொல்லித் தந்திருக்காங்க போல, தாத்தா உங்களுக்கு இந்தக் கடையில எது ரொம்பப் பிடிக்கும்னு கேட்டா. அவரு கொஞ்சம் யோசிச்சு, வெங்காயத்தாள் நிறையப் போட்ட முட்டை ரொட்டின்னாரு.

நான் கரண்டியோட நின்னுட்டேன். கேயுன் சிரிச்சுக்கிட்டே அவரு கிட்ட, தாத்தா, அத்தை உங்களுக்கு வெங்காயத்தாள் இல்லாமத்தானே தர்றாங்கன்னா. அவரு என் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாரு, "முதல் தடவை வந்த அன்னிக்கு வயிறு சரியில்லைம்மா, போடாதீங்கன்னு சொன்னேன். மறுநாள் அவங்களே போடாம கொண்டு வந்து வச்சாங்க. இவ்வளவு அக்கறையா ஞாபகம் வச்சிருக்கறவங்க கிட்ட மாத்திச் சொல்ல எனக்குக் கூச்சமாப் போச்சு."

ஒன்பது வருஷம் பெய்சென். ஒரு மனுஷன் என் மனசு நோகக் கூடாதுன்னு பிடிக்காததைத் தின்னுக்கிட்டு இருந்திருக்காரு, நான் அதை அவருக்குப் பிடிச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அதோட போயிருந்தாலும் பரவாயில்லை. அரிசிப்பால் வைக்கப் போனப்ப அவரு கையில இருந்த படிவத்தைப் பாத்துட்டேன். பாக்கக் கூடாதுதான், கண்ணு போயிருச்சு. பன்னிரண்டாவது கேள்வி உனக்கே மனப்பாடமா இருக்கும், மனசு விட்டுப் பேச எனக்கு ஒருத்தராவது இருக்காங்கங்கறது. அவரு ஒண்ணைச் சுத்தி வட்டம் போட்டிருந்தாரு. ஒண்ணுன்னா யாரும் இல்லைன்னு அர்த்தம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவருக்காக நான் போட்டது அஞ்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அதைப் போடும்போது என்னையே நினைச்சுக்கிட்டுத்தான் போட்டேன். தினம் காலையில நான் இருக்கேனே, மழை வருமா வராதான்னு பேசறோமேன்னு. அவரு தினம் கிளம்பும்போது வாங்கிக்கிட்டுப் போற ரெண்டாவது பொட்டலம் வீட்டுல இருக்கற சம்சாரத்துக்குன்னு நினைச்சிருந்தேன். அவரு கேயுன் கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு, அந்த அம்மா போயி ஆறு வருஷம் ஆச்சாம், பொட்டலம் மத்தியானம் அவரே சாப்பிடறதுக்காம். நான் ஒரு நாளும் கேக்கலை, அவரும் சொல்லலை.

அன்னிக்குக் கடை மூடினப்புறம் நீ படிவங்களை வச்சுட்டுப் போன இன்னொரு பெட்டியைத் திறந்து எல்லாத்தையும் மேஜை மேல பரப்பினேன். பேரு இல்லாத தாளுங்க, யாரு எழுதினதுன்னு வேற யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தெரியும், என் வட்டம் எந்தப் பேனாவுல போட்டாலும் கீழ ஆரம்பிச்சுக் கீழயே முடியும், ஆர்டர் சீட்டுல கொடுத்து முடிச்சதைச் சுழிச்சுச் சுழிச்சு வந்த பழக்கம். பத்தொன்பதையும் பிரிச்சு எடுத்தேன். கேயுன் வந்தா. நான் யாரையோ பத்திக் கேக்கற மாதிரி கேட்டேன், ஒரு ஆய்வுல சில தாளை வேற ஒருத்தர் நிரப்பிட்டாங்கன்னு வை, நல்ல எண்ணத்துலதான் செஞ்சாங்க, அது என்ன ஆகும்னு. எத்தனை தாளுன்னு கேட்டா. பத்தொன்பதுன்னு சொல்லிட்டேன், ரெண்டு மூணுன்னு சொல்லியிருக்கலாம், வாயில அதுதான் வந்துச்சு. அவ உறிஞ்சிக்கிட்டு இருந்த சோயாபாலைக் கீழ வச்சுட்டா. மேஜையில இருந்த தாளுங்களையும் சுவத்துல இருந்த உன் சான்றிதழையும் பாத்தா. அப்புறம் ரொம்ப மெதுவா, "அறுபதுல பத்தொன்பதுன்னா அந்த முடிவை நம்ப முடியாது அத்தை. தெரிஞ்சப்புறம் சொல்லாம அதை வச்சு மேல போனா, நாளைக்குத் தப்பு ஆய்வு செஞ்சவங்களோடது ஆயிரும்"னா. நான் பலகாரம் பொட்டலம் கட்டித் தரக் கூட நிக்காம, அம்மா தேடுவாங்கன்னு போயிட்டா. அவ யார் கிட்டயும் சொல்ல மாட்டா, நல்ல பொண்ணு. யாரும் சொல்ல மாட்டாங்கங்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. நான் சும்மா இருந்தா இது இப்படியே மூடிப் போயிரும்.

ஆனா நீ போன வாரம் சொன்னே, முனைவர் படிப்புக்கு விண்ணப்பம் இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதிக்குள்ள அனுப்பணும், கூட அந்த ஆய்வையும் வைக்கப் போறேன், நேர்காணல்லயும் அதைப் பத்தித்தான் பேசுவேன்னு. அங்க இருக்கற உன் பேராசிரியை அதைப் படிச்சுட்டு உன் அம்மாவோட கடைக்கு ஒரு நாள் வரணும்னு சொன்னாங்கன்னு சிரிச்சே. நான் வாங்க வாங்கன்னு சொன்னேன். அப்பா கிட்ட அன்னிக்குத்தான் சொன்னேன். அவரு சோயாபால் அடுப்பை அணைச்சுட்டு வந்து எதிர்ல உக்காந்தாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். கடைசியில, "எழுது. போன்ல சொன்னா அவ உன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிச்சிருவா. எழுதினா அவளுக்குக் கோபப்பட நேரம் கிடைக்கும்"னாரு. அதனாலதான் இந்தக் காகிதம். நாளைக் காலையில தபாலாபீஸ் திறந்ததும் அப்பாவே கொண்டு போய் விரைவுத் தபால்ல போடறாரு, இருபதாம் தேதிக்குள்ள உன் கைக்கு வந்துரும்னு விசாரிச்சுட்டு வந்தாரு. கோபப்பட ஒரு வாரம் இருக்கு உனக்கு. நல்லாக் கோபப்படு. நான் போன் பண்ண மாட்டேன், நீ பண்றப்ப எடுக்கறேன்.

உனக்குப் புத்தி சொல்ற இடத்துல நான் இப்ப இல்லை. ஆனாலும் கேயுன் கிட்ட அவ்வளவு வாய் கிழியப் பேசினேன், உனக்கு ரெண்டு வார்த்தை சொல்லாம இருக்க முடியலை. முதல்ல தைபேயில உனக்கு வழிகாட்டின பேராசிரியருக்கு எழுது. அம்மா செஞ்சதுன்னே எழுது, என்னைக் காப்பாத்தப் பாக்காதே, எனக்கு அங்க இழக்க ஒரு பேரும் இல்லை, உனக்கு இருக்கு. என் கையெழுத்துல ஒரு ஒப்புதல் தனித்தாள்ல வச்சிருக்கேன், தேவைன்னா காட்டு. பத்தொன்பது படிவ நம்பரையும் நம்ம கடை ஆர்டர் சீட்டு ஒண்ணுல எழுதிக் கூட வச்சிருக்கேன், மூணு தடவை சரி பாத்தேன். மிச்சம் நாப்பத்தொண்ணும் சுத்தமானது, அதுக்கு நான் சத்தியம் பண்ணுவேன். அதை மட்டும் வச்சுப் பாத்தா உன் முடிவு நிக்குமா விழுமான்னு எனக்குத் தெரியாது. விழுந்தாலும் விழட்டும். அப்புறம் இந்த வருஷம் விண்ணப்பம் போடாம அடுத்த வருஷம் போட வேண்டி வந்தாலும் வரும். ஒரு வருஷம்ங்கறது உன் வயசுல எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். நான் கூசாம ஒரு மத்தியானத்துல எடுத்துக்கிட்டது அது.

இன்னொண்ணும் சொல்லணும். நீ சைக்காலஜி எடுக்கறேன்னு சொன்னப்ப எட்டு மாசம் உங்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை நான். அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படின்னு புத்தகமெல்லாம் வாங்கி உன் மேஜையில அடுக்கி வச்சேன், நீ அதை ஓரமா நகர்த்திட்டு உன் புத்தகத்தைப் படிச்சே. அப்புறம் நாலு வருஷத்துல நீ எங்கிட்ட கேட்ட ஒரே உதவி அந்த அறுபது படிவம்தான். அதைக் கேட்டப்ப நீ என்னை மன்னிச்சுட்டேன்னு எனக்குத் தோணுச்சு. அறுபதும் முழுசாக் கொடுக்கணும், ஒண்ணு குறையக் கூடாதுன்னு அதனாலதான் வெறி வந்துச்சு. நாப்பத்தொண்ணுதான் வந்துச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ அதை வச்சே எழுதியிருப்பே, பரிசு வராமப் போயிருக்கலாம், அவ்வளவுதான். நான் உன்னை நம்பலை. அதுதான் நடந்தது.

உன் சான்றிதழைச் சுவத்துல இருந்து எடுத்துட்டேன். ஆணி மட்டும் இருக்கு. ஏன் எடுத்தேன்னு எல்லாரும் கேக்கறாங்க, பொண்ணு கிட்ட கேட்டுட்டுத் திரும்ப மாட்டறேன்னு சொல்லியிருக்கேன். மாட்டவே வேண்டாம்னு நீ சொன்னா அதுவும் சரி.

வர்றவங்களுக்கு நான் இப்ப டிக் போடறதில்லை. தினம் வர்றவங்களா இருந்தாலும் சீட்டையும் பேனாவையும் நீட்டி, இன்னிக்கு என்ன வேணும்னு கேக்கறேன். மூணாவது நாளே தெருவுல பேச்சு ஆயிருச்சு, ஷியூலுவானுக்கு ஞாபக மறதி நோய் வந்துருச்சாம், பாவம் பொண்ணு வேற வெளிநாட்டுல இருக்கான்னு. அச்சியூ அக்கா எனக்கு மீன் தலை கொண்டு வந்து, இதைக் குழம்பு வச்சுக் குடி, மூளைக்கு நல்லதுன்னு கொடுத்துட்டுப் போனா. அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அச்சியூ அக்காவுக்கே நான் தினம் வைக்கிற முள்ளங்கிப் பணியாரம் அலுத்துப் போயி நாலு வருஷம் ஆச்சாம், பெய்சென், அவளும் சொல்லலை. வெய் ஐயா முதல் நாள் சீட்டை வாங்கி ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. பின்னாடி ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா நின்னுச்சு. நான் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு முட்டை ரொட்டிக்கு நேரா டிக் போட்டு, ஓரத்துல சின்ன எழுத்துல வெங்காயத்தாள் அதிகம்னு எழுதிக் கொடுத்தாரு. போட்டுக் கொடுத்தேன், தின்னாரு. நல்லா இருக்குன்னு கூடச் சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு நாளா எட்டு மணிக்கு மேலயும் உக்காந்திருக்காரு, நேத்து சம்சாரத்தைப் பத்தி ரெண்டு வாக்கியம் பேசினாரு. இதை உன் ஆய்வுக்காகச் சொல்லலை, இது எந்தக் கணக்குலயும் வராது.

அப்பா எழுந்திரிச்சுட்டாரு, முடிச்சுக்கறேன். குளிருக்குக் கழுத்தைச் சுத்தி ஏதாவது கட்டிக்கோ. வெறும் வயித்துல காப்பி குடிக்காதே. பேராசிரியருக்கு எழுதற கடிதத்தை ஒரு நாள் வச்சிருந்து மறுபடி படிச்சுட்டு அனுப்பு. நீ போற எந்த இடத்துலயும் உன் பேரு சுத்தமா இருக்கணும், நோய் நொடி அண்டாம இருக்கணும்னு மாஸு அம்மன் கோயில்ல தினம் ஊதுபத்தி கொளுத்தறேன். என் தப்பு உன் மேல ஒட்டாம இருக்கணும்னும் கேட்டுக்கறேன், அம்மனுக்கு அது முடியுமான்னு தெரியலை.

புது வருஷத்துக்கு நீ வருவேன்னு நம்பறேன். கோபத்தோட வந்தாலும் வா. நீ வந்த முதல் நாள் காலையில என்ன செஞ்சு வைக்கணும்னு எனக்குத் தெரியும்னு எழுத வந்தேன், சோள ரொட்டியும் சர்க்கரை போடாத சோயாபாலும், நீ அஞ்சாம் வகுப்புல இருந்து அதுதான். எழுதப் போன கையை நிறுத்திட்டேன். நான் வச்சதை நீயும் கூச்சப்பட்டுத்தான் தின்னியோ என்னமோ, பெய்சென், உங்கிட்ட நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கவர்ல இன்னொரு ஆர்டர் சீட்டு இருக்கு, அதுல ஒண்ணும் எழுதலை. உனக்கு என்ன வேணுமோ நீயே டிக் போட்டு எடுத்துக்கிட்டு வா.

உன் பதிலுக்குக் காத்திருக்கிற அம்மா,
ஷியூலுவான்